எடையும் இடையும்

விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் நம்மவரை உறவினர் வரவேற்கும் முறை ஒன்று உண்டு. வாசற்படி ஏறும் முன்னரே, "அடடா, இப்படி இளைத்துப் போய்விட்டாயே!" என்று ஒருவர் அங்கலாய்ப்பார். "பம்பாய்த் தண்ணீர் நன்றாக ஒத்துக்கொண்டிருக்கிறது, பூசினாற்போல் இருக்கிறாய்" என்று மற்றொருவர் மகிழ்வார். இரண்டும் அன்பினால் எழும் சொற்களே. ஆயினும் இரண்டும் கண்ணளவு. துணியையும் நிலத்தையும் கண்ணால் அளந்து வாங்குவார் எவருமிலர்; உடம்பை மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கண்ணாலேயே அளந்து வருகிறோம். இளைத்தவர் என்று நாம் இரங்குபவருக்குள் நோய் வளர்வதும், பருத்தவர் என்று நாம் நகைப்பவர் நலமாக இருப்பதும் உண்டு. ஆதலின் 'அதிக எடை', 'உடற்பருமன்' என்று மருத்துவர் கூறும் சொற்களுக்குப் பொருள் யாது, அவற்றை அளக்கும் முறை எப்படி வந்தது, அந்த அளவு நமக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பவற்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது நன்று.

எடை வேறு, கொழுப்பு வேறு

உலக சுகாதார நிறுவனம் கூறும் இலக்கணம் எளியது. உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடிய அளவில் உடம்பில் கொழுப்பு மிகுதியாகச் சேர்ந்திருப்பதே அதிக எடையும் பருமனும் ஆகும். இங்கே சொல்லப்படுவது கொழுப்பு, எடை அன்று. ஆனால் தராசு காட்டுவது எடையை மட்டுமே. எலும்பு, தசை, நீர், கொழுப்பு ஆகிய அனைத்தையும் அது ஒன்றாகவே நிறுக்கிறது. இலக்கணம் ஒன்றைச் சொல்ல, அளவுகோல் வேறொன்றை அளக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டால் பின்வரும் யாவும் எளிதில் விளங்கும்.

இந்த வேறுபாட்டை 1942ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை மருத்துவராகிய ஆல்பர்ட் பேங்கே என்பவரும் அவருடைய துணைவர்களும் தெளிவாக எடுத்துக்காட்டினர். அவர்கள் அந்நாட்டில் தொழில்முறையில் பந்தாடும் கட்டுமஸ்தான வீரர்களை ஆராய்ந்தனர். அக்காலத்து எடை அட்டவணைப்படி அவர்களுள் பெரும்பாலோர் அளவுக்கு மிஞ்சிய எடையுடையவர்கள். படையில் சேரத் தகுதியற்றவர்கள். நீருக்குள் அமிழ்த்தி நிறுத்துப் பார்த்தபோதோ உண்மை வெளிப்பட்டது. கொழுப்பு நீரில் மிதக்கும்; தசையும் எலும்பும் அமிழும். அவ்வீரர்களின் உடம்பில் மிகுந்திருந்தது தசையே அன்றிக் கொழுப்பு அன்று. அரசனின் மகுடத்தைச் சோதிக்க ஆர்க்கிமிடீஸ் கையாண்டதாகச் சொல்லப்படும் அதே தத்துவம் மனித உடம்பையும் சோதிக்கப் பயன்பட்டது.

வானியலறிஞர் தந்த சூத்திரம்

இன்று மருத்துவமனைச் சீட்டுகளில் 'பி.எம்.ஐ.' என்று எழுதப்படும் உடல் நிறைக் குறியீட்டெண், ஒரு மருத்துவர் கண்டதன்று. பெல்ஜிய நாட்டில் 1796ஆம் ஆண்டில் பிறந்த அடால்ப் கெட்லே என்பவர் வானியலிலும் கணிதத்திலும் வல்லவர். விண்மீன்களை அளந்தது போலவே மக்களையும் அளந்து, 'சராசரி மனிதன்' எப்படிப்பட்டவன் என்று காண முயன்றார். 1835ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வளர்ந்த மனிதரின் எடை அவர்தம் உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி மிகுகிறது என்று கூறினார். பருமனைப் பற்றிய கவலை அவருக்கு இருந்ததில்லை. தனி ஒருவரை நோக்கி, 'நீர் நோயாளி' என்று சொல்வதற்காகவும் அவர் அந்தக் கணக்கைப் போடவில்லை.

எடையைப் பற்றிய கவலை முதலில் பிறந்த இடங்களுள் ஒன்று ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி. எவர் விரைவில் இறப்பர் என்பதில் அவர்களுக்குப் பணம் சம்பந்தப்பட்டிருந்தது. நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிடன் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி 1942, 1943ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட எடை அட்டவணைகளும், 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட திருத்திய அட்டவணையும் நெடுங்காலம் மருத்துவர்களின் மேசைகளை அலங்கரித்தன. சிறுகூடு, நடுத்தரக்கூடு, பெருங்கூடு என்று உடற்கட்டை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தக்க எடையை அவை கூறின. எவருடையது எந்தக் கூடு என்று தீர்மானிக்கும் வழியோ அவற்றில் தெளிவாக இல்லை.

இந்தக் குழப்பத்தை நீக்க 1972ஆம் ஆண்டில் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க அறிஞரும் அவர்தம் குழுவினரும் முனைந்தனர். ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்து, கெட்லேயின் பழைய சூத்திரமே இருப்பவற்றுள் எளியது, போதுமானது என்று முடிவு செய்து, அதற்கு இன்றைய பெயரையும் சூட்டினர். அந்த ஏழாயிரவருள் பெண்கள் இலர். இந்தியாவும் அந்த ஐந்து நாடுகளுள் ஒன்றன்று.

கணக்கிடும் முறை இதுவே: கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் ஒருமுறை வகுத்து, வந்த ஈவை அதே உயரத்தால் மீண்டும் வகுக்க வேண்டும். 165 சென்டிமீட்டர் உயரமும் 66 கிலோ எடையும் உடைய ஒருவரை எடுத்துக்கொள்வோம். 66ஐ 1.65ஆல் வகுத்தால் 40. அதை மறுபடி 1.65ஆல் வகுத்தால் 24.2. அதுவே அவருடைய குறியெண்.

கோடு கிழித்தவர் யார்?

18.5க்குக் கீழே இருந்தால் மெலிவு, 18.5 முதல் 24.9 வரை இயல்பு; 25 முதல் அதிக எடை; 30 முதல் பருமன். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைகள் இவை. ஆற்றின் கரையைப் போல இவை இயற்கையாக அமைந்த எல்லைகள் அல்ல. நோயும் மரணமும் எந்த இடத்தில் மிகத் தொடங்குகின்றன என்று பார்த்து அறிஞர்கள் கூடிக் கிழித்த கோடுகள். கோடு நகர்ந்ததும் உண்டு. அமெரிக்காவில் அதிக எடைக்கு ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்றிருந்த எல்லை 1998ஆம் ஆண்டில் இருபாலார்க்கும் 25 என்று மாற்றப்பட்டது. ஒரு பிடி சோறு கூட அதிகமாக உண்ணாமலேயே இலட்சக்கணக்கானோர் அதிக எடையினர் பட்டியலில் சேர்ந்துவிட்டனர்.

அப்படியானால் இக்கோடுகள் வெறும் கற்பனையோ என்று ஐயுற வேண்டா. பெருந்திரளான மக்களை ஆராய்கையில் குறியெண் உயர உயர நீரிழிவும் இரத்த அழுத்தமும் இதய நோயும் மிகுகின்றன என்பது ஐயமற்ற உண்மை. எந்த மக்களுக்கு எந்த இடத்தில் கோடு கிழிப்பது என்பதே கேள்வி.

நம்மவர் உடம்பின் தனித்தன்மை

2004ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் இரு அறிஞர்களின் புகைப்படம் வெளிவந்தது. ஒருவர் புனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்ஞிக். மற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் யுட்கின். இருவருடைய குறியெண்ணும் ஒன்றே: 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லியே. ஆனால் கதிர்வீச்சுக் கருவியால் அளந்தபோது யுட்கினின் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்ஞிக்கின் உடம்பில் 21.2 பங்கு. ஒரே எடையெண், இரு மடங்குக்கு மேற்பட்ட கொழுப்பு! தங்கள் உடம்பையே சான்றாக வைத்து அவ்விருவரும் உலகுக்குச் சொன்ன செய்தி நம் ஒவ்வொருவருக்கும் உரியது.

இந்த வேறுபாடு பிறவியிலேயே தொடங்குகிறது என்பதையும் யாஜ்ஞிக்கின் குழுவினர் காட்டியுள்ளனர். புனாவை அடுத்த சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரக் குழந்தைகளோடு அவர்கள் ஒப்பிட்டனர். நம் குழந்தைகள் எடையில் மிகவும் குறைந்தவை, தசையும் குறைவு, ஆனால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பை ஒளித்து வைத்திருக்கும் உடம்பு நமக்கு வாய்த்திருக்கிறது.

கொழுப்பு எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் முக்கியம். 1947ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் ழான் வாக், இடுப்புக்குக் கீழே தொடையிலும் பிட்டத்திலும் சேரும் கொழுப்பைக் காட்டிலும் மேற்பகுதியில் சேரும் கொழுப்பே நீரிழிவு முதலிய நோய்களோடு நெருங்கிய உறவுடையது என்று எழுதினார். வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து தங்கும் கொழுப்பு வாளாவிருப்பதில்லை. அதிலிருந்து கரைந்து வரும் கொழுப்பு அமிலங்கள் கல்லீரலை அடைகின்றன; இன்சுலினின் வேலை தடைப்படுகிறது; இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அச்சர்க்கரையை ஏற்றுச் செலவிடும் தசையும் நமக்குக் குறைவாதலின் சுமை இரட்டிக்கிறது. தொப்பையைச் செல்வத்தின் அடையாளமாகக் கொண்டாடிய காலம் ஒன்றிருந்தது. அது நோய்க்கு வாடகையின்றி இடங்கொடுத்த காலம் என்றே சொல்ல வேண்டும்.

இந்தியருக்கு எந்தக் கோடு பொருந்தும் என்பதைச் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி மைய அறிஞர்கள் ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சென்னை, பெங்களூர், ஹைதராபாத், பம்பாய், கல்கத்தா, தில்லி ஆகிய ஆறு நகரங்களில் எடுத்த கணக்கு அது. நம் வாசகர்களுள் பலர் வாழும் நகரங்கள் இவையே. இந்தியருக்கு நலத்தின் மேலெல்லை 23 என்று அவர்கள் கண்டனர். 2004ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவும், ஆசிய மக்களுக்கு 23லும் 27.5லும் எச்சரிக்கை தேவை என்றது. 2009ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ வல்லுநர்கள் கூடி, 23 முதல் 24.9 வரை அதிக எடை, 25 முதல் பருமன் என்று வகுத்தனர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினால் வயிற்றுப் பருமன் என்றும் முடிவு செய்தனர்.

முன்னர்க் கண்ட 24.2 உடையவரை மீண்டும் நினைவுகூர்வோம். உலகப் பொது அளவில் அவர் இயல்பானவர். நம் நாட்டு அளவிலோ அதிக எடையினர். அயல்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து, 'எனக்கொன்றும் இல்லை' என்று அவர் நிம்மதியாக உறங்கலாம். அவர் உடம்பு உறங்காது.

2023ஆம் ஆண்டில் வெளியான அகில இந்திய ஆய்வு ஒன்று, நாட்டின் பெரியவர்களுள் நூற்றுக்கு 28.6 பேர் 25 என்ற குறியெண் அளவில் பருமன் உடையவர் என்றும், இடுப்பளவில் நூற்றுக்கு 39.5 பேர் வயிற்றுப் பருமன் உடையவர் என்றும் கூறுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் தராசிடமிருந்து தப்பி அளவுநாடாவிடம் அகப்படுகின்றனர். தமிழ்நாட்டின் நிலையும் பெருமைப்படத் தக்கதன்று. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதிலும் 25ஐ எட்டிய பெண்கள் நூற்றுக்கு 24 பேர். தமிழ்நாட்டிலோ 40 பேர். அதே கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களுள் நூற்றுக்குப் பதினெண்மருக்கு மேல் மெலிவுற்றிருப்பதும் தெரிகிறது. மிகுதியும் குறைவும் ஒரே நாட்டில், சில வேளை ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

வீட்டிலேயே அளப்பது எப்படி?

உயரம்: செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிமிர்ந்து நேரே நோக்கி நிற்க வேண்டும். தலைமேல் தட்டையான புத்தகம் ஒன்றை வைத்து, அது சுவரைத் தொடும் இடத்தில் குறியிட்டு அளக்கவும்.

எடை: காலையில் வெறும் வயிற்றில், இலேசான உடையோடு, ஒரே தராசில் பார்க்க வேண்டும். நாள்தோறும் பார்த்து மனம் கலங்க வேண்டா. ஒரு கிலோ அளவு ஏற்ற இறக்கம் நீரினாலும் ஏற்படும்.

23, 25 என்னும் குறியெண்களுக்கு உரிய எடை ஏறத்தாழ வருமாறு:

உயரம் 150 செ.மீ. ஆனால் 52 கிலோ, 56 கிலோ
155 செ.மீ. ஆனால் 55 கிலோ, 60 கிலோ
160 செ.மீ. ஆனால் 59 கிலோ, 64 கிலோ
165 செ.மீ. ஆனால் 63 கிலோ, 68 கிலோ
170 செ.மீ. ஆனால் 66 கிலோ, 72 கிலோ
175 செ.மீ. ஆனால் 70 கிலோ, 77 கிலோ

இடை: இதில்தான் பலரும் தவறுகின்றனர். கால்சட்டையின் அளவு இடுப்பளவு அன்று. தொப்பை உடையவர் அதற்குக் கீழேயே கால்சட்டையை அணிகின்றனர். பாவாடை நாடா கட்டும் இடமும் அன்று. விலாப்புறத்தில் கடைசி விலா எலும்பின் கீழ்முனையையும் இடுப்பெலும்பின் மேல்முனையையும் விரலால் தடவிக் கண்டு, இரண்டுக்கும் நடுவே அளவுநாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்ற வேண்டும். நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளாமல், இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும் தருணத்தில் அளவைக் குறிக்கவும். அங்குல நாடா உடையவர்களுக்கு 90 சென்டிமீட்டர் என்பது சுமார் 35½ அங்குலம். 80 சென்டிமீட்டர் 31½ அங்குலம்.

நாடாவும் இல்லையேல் ஒரு கயிறு போதும். உயரத்தின் அளவுக்குக் கயிற்றை வெட்டி, இரண்டாக மடித்து, இடையைச் சுற்றிப் பாருங்கள். முனைகள் தொட்டுக்கொண்டால் நன்று. தொடாவிட்டால் இடை, உயரத்தில் பாதியைக் கடந்துவிட்டது என்று பொருள். இடை உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும் என்ற இவ்விதியை 2022ஆம் ஆண்டில் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமும் மக்களுக்குப் பரிந்துரைத்துள்ளது.

மின்சாரத்தால் கொழுப்பைக் காட்டும் தராசுகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. மெல்லிய மின்னோட்டத்தை உடம்பில் செலுத்தி அவை கணக்கிடுகின்றன. உடம்பிலுள்ள நீரின் அளவு மாறினால் அவை காட்டும் எண்ணும் மாறும். ஆகையால் அவற்றை வேதவாக்காகக் கொள்ளலாகாது.

விலக்குகள்

பெரியவர்களுக்குரிய இவ்வெண்கள் குழந்தைகளுக்குப் பொருந்தா. அவர்களுக்கு வயதையும் பாலையும் ஒட்டிய வளர்ச்சி வரைபடம் உண்டு. இந்தியக் குழந்தைமருத்துவர் சங்கம் 2015ஆம் ஆண்டில் நம் நாட்டுக் குழந்தைகளுக்கென வெளியிட்ட வரைபடத்தை மருத்துவரிடம் காணலாம். கருவுற்ற தாய்மாருக்கும் இக்கணக்கு பொருந்தாது. முதியோருக்குத் தசை கரைவதால் எடை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் இருத்தல் கூடும். கூன் விழுந்து உயரம் குறைவதால் குறியெண் உயர்ந்து காட்டுவதும் உண்டு. மூட்டை தூக்கும் தொழிலாளருக்கும் உடற்பயிற்சி வீரருக்கும் எடை தசையால் மிகுந்திருக்கலாம். இவர்கள் எல்லாரையும் அறிந்து கூறும் பொறுப்பு மருத்துவருடையது.

எண் தீர்ப்பன்று

2025ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழ் அமைத்த பன்னாட்டு வல்லுநர் குழு, குறியெண்ணை மட்டும் கொண்டு ஒருவரை நோயாளி என்று முடிவு செய்யலாகாது என்றது. இடுப்பளவு போன்ற இன்னோர் அளவாலும் கொழுப்பின் மிகுதியை உறுதி செய்ய வேண்டும். பருமனால் உறுப்புகளோ அன்றாட இயக்கமோ கெட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கெட்டிருந்தால் அது நோய், கெடாதிருந்தால் எச்சரிக்கை நிலை என்று அது பிரித்தது. அதே ஆண்டில் இந்திய வல்லுநர்கள் சிலரும் இதையொட்டி, 23க்கு மேற்பட்ட பருமனை, தீங்கு தோன்றாத முதல் நிலை, தீங்கு தோன்றிய இரண்டாம் நிலை என இரண்டாகப் பகுத்துள்ளனர். ஆகவே எண் என்பது கதவைத் தட்டும் ஒலி. கதவைத் திறந்து பார்ப்பது சர்க்கரைச் சோதனையும், இரத்த அழுத்தச் சோதனையும், மருத்துவரின் கண்ணும் ஆகும். 23ஐ அல்லது இடுப்பளவின் எல்லையைக் கடந்தவர் அச்சோதனைகளைச் செய்துகொள்வது முறை. பெற்றோருக்கு நீரிழிவு இருந்தால் ஒல்லியாயிருப்பவரும் செய்துகொள்வது நன்று.

எண் பழிச்சொல்லும் அன்று. பருமனுக்கு மரபும் வறுமையும் உறக்கமின்மையும் சில மருந்துகளும் தைராய்டுக் குறைபாடும் கூடக் காரணமாகின்றன. உண்ணும் இலையின் முன் ஒரு பெண்ணை ஏளனம் செய்வதனால் அவள் இடை குறைவதில்லை; அவள் மருத்துவரிடம் போகும் துணிவே குறைகிறது.

நம் சங்கத்தாருக்கு ஒரு யோசனை. மாதக் கூட்டம் நடைபெறும் மண்டபத்தின் ஒரு மூலையில் ஒரு தராசும், சுவரில் உயரக் குறியும், ஓர் அளவுநாடாவும் வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. நம் உறுப்பினர்களுள் மருத்துவரும் செவிலியரும் உளர்; ஒருவர் மாறி ஒருவர் அரைமணி நேரம் உதவலாம். அளக்கும் இடத்தைத் திரையால் மறைத்து, அளவை உரக்கக் கூறாமல் ஒரு சீட்டில் எழுதி உரியவர் கையில் மட்டும் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சீட்டில் ஓர் எண் சேர்ந்தால் போதும். ஊரிலுள்ள உறவினருக்கும் அடுத்த கடிதத்திலோ தொலைபேசியிலோ அந்தக் கயிற்றுக் கணக்கைச் சொல்லுங்கள்.